ஏற்காட்டிலிருந்து அயல்நாட்டுக் கல்லூரிக்கு

கேள்வி: ஏற்காட்டு மலைக் கிராமத்தைச் சேர்ந்த பழங்குடியினர் நாங்கள். சேலத்தில் இளநிலை இயற்பியல் படிக்கும் என் மகள் வெளிநாட்டில் முதுநிலை படிக்க வழியுண்டா?

பதில்: உண்டு. மத்தியப் பழங்குடியினர் நல அமைச்சகம் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை வழங்குகிறது. ஆனால் நாடு முழுமைக்கும் ஆண்டுக்கு 20 இடங்கள்தாம் என்பது, என் பார்வையில், வெட்கப்பட வேண்டிய சிக்கனம். ஆகவே அதை மட்டும் நம்பியிராமல், ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கான தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்துக்கும், கல்விக் கட்டணத்தை ஏற்பதோடு வாழ்க்கைச் செலவுக்கு மாதம் 1,400 யூரோவும் தரும் ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகைக்கும் சேர்த்தே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். மதிப்பெண் இருந்தும் பலர் தவறவிடுவது ஆவணங்களில்தான். பழங்குடியினர் சாதிச் சான்றிதழைக் கோட்டாட்சியர் விசாரித்தே வழங்குவார் என்பதால், அதற்கும் கடவுச்சீட்டுக்கும் இறுதியாண்டுக்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.