சும்மா தருகிற போனுக்குச் சுமைகூலி எவ்வளவு?

தம்பி,

அமெரிக்காவில் டாலஸ் பக்கம் முதுகலை படிக்க வந்து மூன்று வாரம் ஆகிறது. ஊரிலிருந்து கொண்டுவந்த போனில் இணையம் வருகிறது, அழைப்பு வருவதில்லை. கடைக்குப் போனால் “பூஜ்யம் டாலர்” என்று எழுதிவைத்த புதுப் போனைக் காட்டி, மூன்று ஆண்டுத் திட்டத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். கையில் இருப்பது 600 டாலர், கேமரா நன்றாக இருக்க வேண்டும், என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில், அந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள்.

சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம் என்று நம் ஊரில் சொல்வது இந்த நாட்டுப் போன் கடைகளுக்காகவே சொன்னது போல இருக்கும். அவர்கள் “இலவசம்” என்று சொல்வதன் உள்ளே இருப்பது இதுதான். போனின் விலை 800 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 36 தவணையாகப் பிரித்து, மாதம் 22 டாலர் 22 சென்ட் என்று உங்கள் பில்லில் ஏற்றுவார்கள். அதே பில்லில் அதே தொகையைத் தள்ளுபடியாகக் கழிப்பார்கள். ஏற்றுவதும் கழிப்பதும் சமம், ஆகவே இலவசம். ஆனால் கழிப்பது நீங்கள் அவர்களிடம் இருக்கும்வரைதான். பதினான்காவது மாதம் வேறு நிறுவனத்துக்குப் போகிறேன் என்றால் கழிவு நின்றுவிடும். மிச்சமிருக்கும் 22 தவணை, ஏறக்குறைய 489 டாலர், மொத்தமாக உங்கள் தலையில் விழும். ஒப்பந்தம் என்ற சொல்லை இப்போது யாரும் வாயால் சொல்வதில்லை. சொல் போய்விட்டது, கயிறு அப்படியே இருக்கிறது.

அதோடு, இந்தச் சலுகை பெரும்பாலும் அவர்களுடைய விலை கூடிய திட்டங்களுக்குத்தான். ஒற்றை இணைப்புக்கு அப்படிப்பட்ட திட்டம் மாதம் 75 டாலர் என்றும், அதே கோபுரங்களில் ஓடும் ப்ரீபெய்டு இணைப்பு 25 டாலர் என்றும் ஒரு கணக்குக்கு வையுங்கள். வித்தியாசம் 50 டாலர். 36 மாதத்துக்கு 1,800 டாலர். எண்ணூறு டாலர் போனைச் சும்மா வாங்குவதற்கு ஆயிரத்து எண்ணூறு. படிப்பு முடிந்து எந்த மாநிலத்தில் வேலை கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியாதபோது மூன்று ஆண்டு வாக்குக் கொடுப்பது எதற்கு? கடன் வரலாறு இல்லாத புதியவரிடம் முன்பணமும் கேட்பார்கள். ப்ரீபெய்டுக்கு, இங்கே அரசு தரும் அடையாள எண்ணான சோஷியல் செக்யூரிட்டி எண்கூடத் தேவையில்லை.

நியாயமாக ஒன்றும் சொல்ல வேண்டும். நான்கைந்து பேர் சேர்ந்த குடும்பத் திட்டம், அலுவலகத் தள்ளுபடி, ஊர் மாறும் எண்ணம் இல்லாத வாழ்க்கை என்றால் இந்தக் கணக்கு மாறும். என் மைத்துனர் வீட்டில் அப்படித்தான் வாங்குகிறார்கள், அவர்களுக்கு லாபம்தான். தனியாள் மாணவருக்கு இல்லை.

நான் வந்தது 2011-இல். அப்போது நேரடியாகவே இரண்டு ஆண்டு ஒப்பந்தம்; 199 டாலர் கொடுத்துப் பெருமையாக ஒரு போன் வாங்கினேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். மறு ஆண்டு அப்பாவுக்கு அறுவை சிகிச்சை என்று அவசரமாக மதுரைக்குப் போனேன். மருத்துவமனை வாசலிலேயே ஒரு சிம் கடை. கடைக்காரப் பையன் என் போனைத் திறந்து சிம்மைப் போட்டான், எடுத்தான், சட்டையில் துடைத்து மறுபடியும் போட்டான். திரையில் “செல்லாத சிம்” என்றே வந்தது. “சார், வேறு நிறுவனத்து சிம் எடுக்காதபடி அங்கேயே பூட்டி அனுப்பியிருக்கிறார்கள்” என்று சொல்லி, வேறு ஒன்றும் செய்வதற்கில்லை என்பதுபோலத் திருப்பிக் கொடுத்துவிட்டான். மூன்று வாரமும் அப்பாவின் பழைய பொத்தான் போனில்தான் மருத்துவரிடமும் காப்பீட்டுக்காரரிடமும் பேசினேன். அதில் மூன்று என்ற எண் வேலை செய்யாது. மூன்று உள்ள எண்ணுக்குப் பேச வேண்டுமென்றால் பக்கத்துக் கட்டில்காரரிடம் போன் கேட்க வேண்டும்.

திரும்பி வந்த பிறகுதான் பூட்டு இல்லாத போன் என்று தேடத் தொடங்கினேன். 2012 நவம்பரில் கூகுளின் நெக்சஸ் 4 வந்தது. மற்ற நல்ல போன்கள் ஒப்பந்தம் இல்லாமல் 600 டாலருக்கு மேல் விற்ற காலத்தில் அது 299 டாலர், எந்தப் பூட்டும் இல்லை. வந்த வேகத்தில் விற்றுத் தீர்ந்தது. எனக்குக் கிடைக்கச் சில மாதம் ஆனது. அதே நேரத்தில், 2013 ஜனவரிக்குப் பிறகு வாங்கிய போனை நிறுவனத்தின் அனுமதியில்லாமல் பூட்டுத் திறப்பது இங்கே சட்டவிரோதம் என்று ஆகியிருந்தது! காசு கொடுத்து வாங்கிய போனை நாமே திறந்தால் குற்றம். 2014 ஆகஸ்டில் தனிச் சட்டம் போட்டுத்தான் அதை நீக்கினார்கள்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், “நோ கான்ட்ராக்ட்” என்பதும் “அன்லாக்ட்” என்பதும் ஒன்றல்ல. சூப்பர் மார்க்கெட்டில் கொக்கியில் தொங்கும் மலிவான ப்ரீபெய்டு போன்களின் அட்டையில் முதல் சொல் பெரிய எழுத்தில் இருக்கும். காலக்கெடு இல்லை என்பது மட்டுமே அதன் பொருள். போன் அந்த நிறுவனத்துக்குப் பூட்டியதாகவே இருக்கும். நீங்கள் தேட வேண்டியது இரண்டாவது சொல், பூட்டு இல்லாதது என்று அதற்குப் பொருள். ஆப்பிளின் தளத்தில் வாங்கினால் நிறுவனத்தைப் பிறகு இணைத்துக்கொள்கிறேன் என்ற தேர்வு இருக்கும், அதை எடுங்கள். பெரிய மின்னணுக் கடைகளின் தளத்தில் ஒரே போனுக்கு இரண்டு விலை தெரியலாம்; குறைந்த விலை இன்றே இணைப்பு எடுப்பவருக்கு. உங்களுக்கு உரியது மற்றது.

இனி எந்தப் போன் என்பது. இங்கே ஒட்டியிருக்கும் விலையில் வரி சேராது. உங்கள் ஊரில் எட்டேகால் சதவீதம். 499 டாலர் போன் கல்லாவில் 540 டாலர் 17 சென்ட் ஆகும். 2025-இல் 599 டாலருக்கு வந்த ஐபோன் 16இ, அந்த விலையில் 648 டாலரைத் தாண்டிவிடும். உங்கள் 600-க்குள் அடங்காது. மாணவர் தள்ளுபடி இருக்குமே என்று நினைக்காதீர்கள், ஆப்பிள் அதை மடிக்கணினிக்கும் ஐபேடுக்கும் தருகிறது, ஐபோனுக்குத் தருவதில்லை.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் கூகுளின் பிக்சல் 9ஏ வாங்குவேன். 2025-இல் 499 டாலருக்கு வந்தது. அதற்கு மேலே உள்ள பிக்சல் 9, 799 டாலருக்கு வந்த போன். இரண்டின் உள்ளேயும் ஒரே டென்சர் ஜி4 சிப். கேமரா அந்த விலைக்கு அநியாயத்துக்கு நன்றாக இருக்கிறது. ஏழு ஆண்டு மென்பொருள் புதுப்பிப்பு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பின்புறம் பிளாஸ்டிக், உறை போட்ட பிறகு அது யாருக்குத் தெரியப்போகிறது? அடுத்த மாதிரி வந்தால் முந்தையதன் விலை இறங்கும், நவம்பர் கடைசியில் நன்றி நவிலும் வாரத் தள்ளுபடியில் இன்னும் இறங்கும். பொறுக்க முடிந்தால் பொறுங்கள். சென்ற ஆண்டின் மேல்தட்டுப் போனை வாங்குவதும் நல்ல வழி. சாம்சங்கும் கேலக்ஸி எஸ்24 முதல் ஏழு ஆண்டுப் புதுப்பிப்பு தருகிறது.

பிக்சல் 9ஏ என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு, புதிதாக வருகிறவர்கள் கடைசியில்தான் அதைக் கண்டுபிடிக்கிறார்கள். அதில் சிம் அட்டை செருகும் தட்டு இருக்கிறது. 2022-இல் வந்த ஐபோன் 14 தொடங்கி அமெரிக்காவில் விற்கும் புதிய ஐபோன்களில் அந்தத் தட்டே கிடையாது, அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிவாகும் இ-சிம் மட்டும்தான். பிக்சல் 10-இன் அமெரிக்க மாதிரியும் அப்படியே. நம் ஊர் வங்கியின் ஓடிபி எந்த எண்ணுக்கு வருகிறது? கல்விக் கடன், அப்பாவின் கூட்டுக் கணக்கு, வருமான வரித் தளம் எல்லாம் அந்த இந்திய எண்ணில்தானே? தட்டு இல்லாத போன் வாங்கினால் அந்த அட்டையை எங்கே வைப்பீர்கள்? ஏர்டெல், ஜியோ இரண்டும் இ-சிம்மாக மாற்றித் தருகின்றன. ஆனால் மாற்றும்போது உறுதிப்படுத்தும் குறுஞ்செய்தி பழைய சிம்முக்கு வரும். ஆகவே ஊர்ப் போனை ஓரம் கட்டுவதற்கு முன்பே, அதில் குறுஞ்செய்தி வந்துகொண்டிருக்கும்போதே, இதை முடித்துவிடுங்கள். எந்தப் போனாக இருந்தாலும் இந்திய சிம்மில் டேட்டா ரோமிங்கை அணைத்து வையுங்கள். அவ்வப்போது ரீசார்ஜும் செய்யுங்கள்; விட்டுவிட்டால் எண் கைவிட்டுப் போய் வேறு யாருக்கோ போய்ச் சேரும், உங்கள் ஓடிபியும் கூடவே போகும்.

ஊர்ப் போனில் அழைப்பு ஏன் வரவில்லை என்றும் கேட்டிருந்தீர்கள். இங்கே ஏடி அண்ட் டி, வெரைசான், டி-மொபைல் என்ற மூன்று பெரிய நிறுவனங்களும் 2022 முடிவதற்குள் 3ஜி சேவையை மூடிவிட்டன. இப்போது குரல் அழைப்பும் 4ஜி வழியாகவோ 5ஜி வழியாகவோதான் போக வேண்டும். அதற்கு உங்கள் போன் மாதிரியை அந்த நிறுவனம் ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். ஏடி அண்ட் டி இதில் கறார், அங்கீகரித்த பட்டியலில் இல்லாத போனை உள்ளே விடாது. அலைவரிசையும் ஒரு சிக்கல். டி-மொபைலுக்கு 71 என்ற பேண்டும் வெரைசானுக்கு 13 என்ற பேண்டும் முக்கியம். கட்டடத்துக்குள்ளும் ஊருக்கு வெளியிலும் எட்டுவது அவற்றால்தான். இந்தியாவில் விற்கும் பல போன்களில் இவை இல்லை. தரமான போனாக இருந்தாலும் இங்கே அதற்கு ஒரு காது கேட்காது. அவசரத்துக்கு 911-ஐ அழைக்க முடியாமல் போகக்கூடும் என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பழைய போன் வாங்கலாமா என்றால், வாங்கலாம், யாரிடம் என்பதைப் பொறுத்தது. ஆப்பிளே புதுப்பித்து விற்கும் ஐபோன்களில் மின்கலமும் வெளிக்கூடும் புதியவை, ஓராண்டு உத்தரவாதம் உண்டு, பூட்டு இல்லை. என் மகளுக்கு அதைத்தான் வாங்கினேன்; புதியதற்கும் அதற்கும் வேறுபாடு பெட்டியில் மட்டும்தான். தனிமனிதரிடம் வாங்குவதானால் பகலில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் சந்தியுங்கள். பணத்தை எடுப்பதற்கு முன் *#06# அழுத்தி, ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக உள்ள அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணைப் பாருங்கள், திருட்டுப் போன் பட்டியலில் சோதியுங்கள். ஐபோன் என்றால் அமைப்புகளில் பொது, அதனுள் இந்தப் போனைப் பற்றி என்ற பக்கத்துக்குப் போய் கேரியர் லாக் என்ற வரியைத் தேடுங்கள். “நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்” என்று இருக்க வேண்டும். விற்பவர் உங்கள் கண்முன்னே தம் ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேற வேண்டும். இவ்வளவும் பார்த்த பிறகும் ஓர் ஆபத்து மிச்சம் உண்டு: அவர் அந்தப் போனுக்குத் தவணை கட்டிக்கொண்டிருப்பவராக இருந்து, விற்றபின் கட்டாமல் விட்டால், இரண்டு மாதம் கழித்து உங்கள் கையில் இருக்கும் போன் கறுப்புப் பட்டியலில் ஏறலாம். அதனால்தான் முதல் போனைத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம் என்கிறேன்.

இணைப்பைப் பற்றிச் சுருக்கமாக. நான் சொன்ன ப்ரீபெய்டு இணைப்புகளில் மின்ட் மொபைல் டி-மொபைலின் கோபுரங்களில் ஓடுகிறது, விசிபிள் வெரைசானுடையது, கிரிக்கெட் ஏடி அண்ட் டியுடையது. கூட்டம் நெரியும் இடங்களில் தாய் நிறுவனத்து வாடிக்கையாளருக்கு முதல் பந்தி, நமக்கு அடுத்த பந்தி. கால்பந்து மைதானத்தில் தவிர நான் அதை உணர்ந்ததில்லை. மின்ட்டில் பல மாதப் பணத்தை முன்னதாகவே கட்ட வேண்டும். முதலில் மூன்று மாதத்துக்கு மட்டும் எடுங்கள், உங்கள் அறைக்குள்ளும் வகுப்பறையிலும் சிக்னல் எப்படி என்று பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் வேறொன்றுக்கு எண்ணோடு மாறுங்கள். பூட்டு இல்லாத போன் என்றால் அதற்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

போன் வந்ததும் பெட்டியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஐஎம்இஐ ஒட்டிய பக்கத்தையும் ரசீதையும் படமெடுத்து மின்னஞ்சலில் வைத்துக்கொள்ளுங்கள்.