மறுமலர்ச்சிக் காலப் பிரபு குடும்பத்துப் பெண் வீட்டை எப்படி நிர்வகித்தாள்?

கணவர் இல்லாத பெண்ணால் குடும்பத்தை நடத்த முடிந்ததா என்று கேட்டிருந்தீர்கள். இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரைச் சேர்ந்த அலெஸாண்ட்ரா ஸ்ட்ரோஸி நடத்தியிருக்கிறார். 1434-இல் மெடிச்சி என்ற வங்கிக் குடும்பம் ஆட்சியைப் பிடித்ததும், எதிரணியில் இருந்த கணவர் மத்தேயோ நாடு கடத்தப்பட்டார். கொஞ்ச நாளிலேயே இறந்தும் போனார். வளர்ந்த மகன்களும் பிழைப்புக்காக வெளியூர் போனார்கள். சொத்து, வரி, கல்யாணம் எல்லாம் இவர் தலையில்.

மகன்களுக்கு எழுதிய கடிதங்களில் எழுபதுக்கும் மேற்பட்டவை கிடைத்துள்ளன. 1447-இல் நேப்பிள்ஸ் நகரில் இருந்த மகன் ஃபிலிப்போவுக்கு எழுதியதைப் படித்தாலே ஆளைப் புரிந்துகொள்ளலாம். பதினாறு வயது மகள் கத்தெரினாவுக்குப் பட்டு வியாபாரி மார்கோ பாரெந்தியை நிச்சயித்தாயிற்று, வரதட்சணை 1,000 ஃபுளோரின் (அந்நகரின் தங்க நாணயம்); இன்னும் பெரிய இடம் என்றால் 1,400, 1,500 கேட்பார்கள், அது நம் இருவரையும் அழித்துவிடும் என்கிறார். அந்தக் கணக்குக்குள் இருக்கும் தாயின் கவலை என்னை உலுக்கிவிட்டது.

அப்புறம் மகனுக்குப் பெண் தேடும் படலம். தேவாலயப் பூசையில் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தையும் நடையையும் கவனித்து எழுதி அனுப்புகிறார்! கடிதம் பிறர் கையில் சிக்கலாம் என்பதால் அரசியல் புள்ளிகளுக்குச் சங்கேதக் குறியீடுகள்.

மகன்கள் ஃபுளோரன்ஸுக்குள் வரக் கூடாது என்றிருந்த தடை 1466-இல் நீங்கி, அவர்கள் ஊர் திரும்பினார்கள். 1471-இல் அலெஸாண்ட்ரா காலமானார். இன்றும் நிற்கும் ஸ்ட்ரோஸி மாளிகையை 1489-இல் கட்டத் தொடங்கியவர் அந்த ஃபிலிப்போதான்.