“மிஸ்” என்று கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பேன்

வவுனியாவில் தாதியர் பயிற்சி முடித்துப் பன்னிரண்டு வருடமாகக் கிளிநொச்சிப் பக்கம் வார்டில் நிற்கிறேன். நான் ஆம்பிளை நேர்ஸ், பெண் நேர்ஸைக் கூப்பிடுவது போல என்னையும் “மிஸ்” என்பார்கள். ஆம்பிளைகள் இந்த வேலைக்கு வருவது பற்றிக் கேளுங்கள்.

மல்லாவி அம்மா: மகன் நேர்ஸிங் படிக்கப் போகிறானாம். பொம்பிளைகளின் வேலை என்று சொந்தக்காரர் சிரிக்கிறார்கள்.

சிரிக்கட்டும் அம்மா. படிப்பு மூன்று வருடம், வர்த்தமானியைப் பார்த்து விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். போரில் முதுகெலும்பு அடிபட்டவர்கள் இங்கே எத்தனை பேர்! அவர்களை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். சிறுநீர்க் குழாய் போடும்போது என்னைக் கண்டதும் பெருமூச்சு விடும் ஐயாமாரையும் பார்த்திருக்கிறேன். பெண் நோயாளி என்றால் பக்கத்தில் ஒரு தங்கச்சியை நிறுத்திக்கொள்வேன். ஒன்று மட்டும் மகனிடம் சொல்லுங்கள்: ஆம்பிளைதானே என்று நோயாளியைத் தனியாகத் தூக்கச் சொல்வார்கள். தூக்கக் கூடாது. என் இடுப்பு அப்படித்தான் போனது.

மாங்குளம் தம்பி: ஆண்கள் மருத்துவிச்சி வேலைக்குப் போகலாமா?

இல்லை. மருத்துவிச்சியைக் குடும்பநல உத்தியோகத்தர் என்பார்கள், அந்தப் பதவிக்கு இங்கே பெண்களைத்தான் எடுக்கிறார்கள்.

ஒட்டுசுட்டான்: பாம்பு கடித்தால்?

தலைப்பு இதுவல்ல. கட்டாதீர்கள், கீறாதீர்கள், கடிபட்ட காலை அசைக்காமல் நேரே ஆஸ்பத்திரி.

முல்லைத்தீவு வாத்தியார்: ‘தாதி’ பெண்பாற் சொல். உங்களை எப்படித் தாதி என்பது? ‘செவிலியர்’ என்று சொல்லலாமே.

வாத்தியார், செவிலி மட்டும் ஆம்பிளையா? அகப்பாட்டில் வருகிற வளர்ப்புத் தாயல்லவா அவள்! இதற்குள் புதுக்குடியிருப்பு அண்ணை ஒருவர், தொழிலே பெண்கள் தொடங்கியதுதானே என்று குறுக்கே வந்துவிட்டார். இல்லை அண்ணை. எருசலேமில் யோவான் சபை என்ற கிறிஸ்தவச் சபையின் ஆண் துறவிகள் நோயாளிகளைப் பராமரித்தது சிலுவைப் போர்க் காலத்தில். நைட்டிங்கேல் அம்மையார் லண்டனில் பள்ளி தொடங்கியது 1860இல், அதுவும் பெண்களுக்கு மட்டும். கதவு அப்போது சாத்தப்பட்டது. ‘தாதிய உத்தியோகத்தர்’ என்று அரசாங்கம் எழுதுகிறது, அதில் எனக்குக் குறையில்லை. வாத்தியார் இன்னும் விடவில்லை, ‘ஆசிரியர்’ போல ‘தாதியர்’ என்றால் பொதுவாகிவிடும் என்கிறார். சரி, ஆனால் ஒருவரைக் கூப்பிடப் பன்மையா? வார்டுக் கிழவிகள் “டொக்டர் தம்பி” என்கிறார்கள். அதையும் திருத்திக் களைத்துவிட்டேன்.

பரந்தன்: நேர்ஸ் மாப்பிள்ளைக்குப் பெண் கொடுப்பார்களா?

இது மூன்றாம் தடவை. கொடுத்தார்கள். மாமியாரைக் கட்டிலில் இருந்து தூக்குவதும் நான்தான், மச்சானையும் பிடிக்கச் சொல்லித்தான் தூக்குகிறேன்.