வழுக்கை மருந்துகள்: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: டாக்டர், மினாக்ஸிடில் போட ஆரம்பித்து ஒரு மாதம் ஆகிறது. முன்பைவிட அதிகமாகக் கொட்டுகிறது. விட்டுவிடட்டுமா?

பதில்: விடாதீர்கள் தம்பி. புது முடி கிளம்பும்போது, வேரில் ஓய்ந்து நிற்கும் பழைய முடி உதிரும். முதல் இரண்டு மாதம் தலையணை, சீப்பு எல்லாம் முடியாக இருக்கும். பலரும் சரியாக இந்த இடத்தில்தான் பயந்து நிறுத்திவிடுகிறார்கள், எனக்கு ஆற்றாமையாக இருக்கும். நான்கு மாதமாவது பொறுங்கள். முழுப் பலன் தெரிய ஒரு வருடம்கூட ஆகலாம். காலையும் இரவும் ஒரு மில்லி. முடியை விலக்கித் தோலில் படும்படி விடுங்கள், முடியில் வழிந்தால் வீண். தலை அரித்தால் அதில் கலந்திருக்கும் புரோப்பிலீன் கிளைக்கால் காரணமாக இருக்கலாம். அது இல்லாத நுரை மருந்துக்கு மாறிப் பாருங்கள்.

கேள்வி: அது பிரஷர் மருந்தாமே?

பதில்: ஆமாம், 1979-ல் அமெரிக்காவில் பிரஷர் மாத்திரையாகத்தான் வந்தது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைப் பார்த்துத் தலைக்குப் பூசும் மருந்தாக்கினார்கள். 1988-ல் அனுமதி கிடைத்தது. பூசும்போது ரத்தத்தில் கலப்பது கொஞ்சம்தான். இதயக் கோளாறு இருந்தால் மட்டும் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

கேள்வி: கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. ஃபினாஸ்டிரைடு சாப்பிட்டால் ஆண்மை போய்விடும் என்கிறார்களே?

பதில்: கேட்டது நல்லது. முடி வேரைச் சுருக்குவது டிஹெச்டி என்ற ஹார்மோன். டெஸ்டோஸ்டிரோன் அதுவாக மாறுவதைத்தான் இந்த மாத்திரை தடுக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் குறையாது. ஆசைக் குறைவு, விறைப்புக் குறைவு எல்லாம் நூற்றில் ஓரிருவருக்கு வரலாம், நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். நிறுத்திய பிறகும் நீடிப்பதாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களை நான் அலட்சியப்படுத்துவதில்லை. மனச்சோர்வு இருந்தால் தொடங்கும் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். மனைவி கர்ப்பமாகும்போது, உடைந்த மாத்திரையை அவர் தொட வேண்டாம்.

கேள்வி: என் வயது 55. இதே மாத்திரைதான் சாப்பிடுகிறேன். ரத்தப் பரிசோதனைக்கு முன் ஏதாவது சொல்ல வேண்டுமா?

பதில்: கட்டாயம் சொல்லுங்கள். புராஸ்டேட் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க எடுக்கும் பிஎஸ்ஏ அளவை இது பாதியாகக் குறைத்துக் காட்டும். தெரியாமல் பார்த்தால், கவனிக்க வேண்டியது நழுவிவிடும். மாத்திரை எடுக்கும் காலத்திலும், நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் ரத்ததானம் செய்யாதீர்கள்.

கேள்வி: முடி வந்ததும் நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தினால் ஒரு வருடத்துக்குள் கிடைத்தது போய்விடும். தொடர முடியுமா என்று யோசித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

கேள்வி: உச்சந்தலை பல வருடமாக மழமழவென்று இருக்கிறது. பலன் உண்டா?

பதில்: அங்கே அநேகமாக வராது. மீதி இருக்கும் முடியைக் காப்பாற்றலாம்.