பழைய கார்ட்டூன் பாத்திரங்கள் இன்றைக்கும் எல்லா வயதினருக்கும் பிடிக்கிறதா, இல்லை அது தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களின் ஏக்கம் மட்டும்தானா?

கேள்வியின் பின்பாதியைப் பார்த்துதான் எழுத உட்கார்ந்தேன். "ஏக்கம் மட்டும்தானா" என்று கேட்டிருக்கிறீர்கள். டாம் அண்ட் ஜெர்ரியைப் பொறுத்தவரை இல்லை என்று அடித்துச் சொல்வேன். சின்ன வயதில் பார்த்தவனுக்குத்தானே ஏக்கம் வரும்? என் அப்பா அதை முதன்முதலில் பார்த்ததே எழுபது வயதைத் தாண்டிய பிறகு.

உங்கள் நிலைமை எனக்கு ஓரளவு புரிகிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்து கேபிளில் கார்ட்டூன் நெட்வொர்க் பார்த்து வளர்ந்திருப்பீர்கள், இப்போது ஆசையாகப் பிள்ளையை உட்காரவைத்து பழைய மிக்கி மவுஸையோ பாப்பாயையோ போட்டிருப்பீர்கள், அது இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு மொபைலைக் கேட்டிருக்கும். எங்கள் வீட்டிலும் மிக்கிக்கு அதே கதிதான். என் மகளுக்கு ஆறு வயது. பையில் மிக்கி, தண்ணீர் பாட்டிலில் மிக்கி, பிறந்தநாள் கேக்கிலும் மிக்கி. ஆனால் 1928-இல் வந்த மிக்கி படமான 'ஸ்டீம்போட் வில்லி'யைப் போட்டுக் காட்டினால் அவளுக்கு ஒன்றும் ஒட்டவில்லை. அந்தப் படத்தின் காப்புரிமைகூட அமெரிக்காவில் 2024 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, அவ்வளவு பழசு. முகம் உலகம் முழுக்கத் தெரிகிறது, அதற்காக அந்தப் படம் எல்லோருக்கும் பிடிக்கிறது என்று ஆகாது. பொம்மை விற்பதையும் படம் ரசிக்கப்படுவதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இந்த மாதிரி விவாதம் எல்லாம் முடிவில்லாமல் போகிறது என்பது என் எண்ணம்.

சரி, அப்பா விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பா தவில் வாசித்தவர். கும்பகோணம் பக்கம் ஒரு கிராமம். பெரிய பெயரெல்லாம் இல்லை, விருது இல்லை, ரேடியோவில் வந்ததில்லை. கோயில், கல்யாணம், மாப்பிள்ளை அழைப்பு என்று வாழ்நாள் முழுக்க வாசித்தார். தவில் வாரை மாட்டி மாட்டித் தோள் போய், அம்மாவும் போன பிறகு, தாம்பரத்தில் எங்களோடு வந்து இருந்தார். டிவியில் அவருக்கு எதுவும் பிடிக்காது. சீரியல் பார்த்தால் எரிச்சல், செய்தி பார்த்தால் கோபம். பேத்தி கார்ட்டூன் போட்டால் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார்.

ஒருநாள் எழுந்து போகவில்லை. பேத்தி பார்த்துக்கொண்டிருந்தது 'தி கேட் கன்சர்ட்டோ'. டாம் கோட்டு சூட்டு போட்டு மேடைக்கு வந்து பியானோ வாசிக்கும், உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும் ஜெர்ரிக்குத் தூக்கம் கெட்டு ரகளை ஆரம்பிக்கும், அந்தப் படம். வாசிப்பது லிஸ்ட் என்ற இசைமேதை 1847-இல் எழுதிய இரண்டாவது 'ஹங்கேரியன் ராப்சொடி' என்ற பியானோ இசை. முதல் பாதி நிதானமாக இழைத்துக்கொண்டு போகும், பின்பாதி துரிதம். அப்பாவுக்கு லிஸ்ட் யாரென்றே தெரியாது. பேப்பரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவரின் வலது கை நாற்காலிக் கையில் தட்ட ஆரம்பித்துவிட்டது. கடைசியில் ஜெர்ரி பியானோவின் உள்ளேயிருந்து சுத்தியல் மாதிரி இரண்டை ஒடித்து எடுத்துக்கொண்டு கம்பிமேல் வெளுத்து வாங்கும், டாம் வெளியே முடிந்தது என்று நினைக்கும்போதெல்லாம் உள்ளேயிருந்து மறுபடி கிளம்பும். அந்த இடத்தில் அப்பா பேப்பரைக் கீழே போட்டுவிட்டார். "பாப்பா, அந்த எலி கழி பிடிக்கிறத பாத்தியா!" என்றார். அம்மா போன பிறகு அவர் சத்தம் போட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அப்புறம் தினமும் சாயங்காலம் தாத்தாவும் பேத்தியும் சேர்ந்து பார்த்தார்கள். அவள் டாம் அடிவாங்குவதைப் பார்த்துச் சிரிப்பாள். அவர் அடி எந்த இடத்தில் விழுகிறது என்பதைப் பார்த்துச் சிரிப்பார். என்னிடம் ஒருமுறை சொன்னார்: "தம்பி, தாலி முடிச்சுப் போடுற நேரம் பாத்து கெட்டிமேளம் விடணும். முந்தினாலும் தப்பு, பிந்தினாலும் தப்பு. இவன் ஒவ்வொரு அடிக்கும் அப்படி விடுறான்டா. யாரு இது?"

யாரென்று நான் தேடிப் படித்தேன். ஸ்காட் பிராட்லி என்பவர். ஹாலிவுட்டின் எம்ஜிஎம் ஸ்டுடியோவில் வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பராவும் எடுத்து, 1940-லிருந்து 1958 வரை வெளிவந்த 114 குறும்படங்களில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் இசை அவர்தான். வேலை நடந்த விதம் இப்படி: பார்பரா கதையும் நகைச்சுவையும் வரைந்து கொடுப்பார், நேரக்கணக்கு ஹன்னாவினுடையது. எந்த ஃபிரேமில், அதாவது ஃபிலிமின் எந்த ஒற்றைப் படத்தில், கால் வழுக்க வேண்டும், எந்த ஃபிரேமில் வாணலி தலையில் விழ வேண்டும் என்று தாள அளவிலேயே முன்கூட்டி எழுதிவிடுவார்கள். நொடிக்கு 24 ஃபிரேம். 12 ஃபிரேமுக்கு ஓர் அடி என்று வைத்தால் நொடிக்கு இரண்டு அடி. ஓட்டம் வேகமெடுத்தால் 8 ஃபிரேமுக்கு ஓர் அடி, அதாவது நொடிக்கு மூன்று. அந்தக் கணக்குத் தாளுக்குத்தான் பிராட்லி இசை எழுதினார், முழு ஆர்கெஸ்ட்ராவே உட்கார்ந்து வாசித்தது. டாம் போடும் அந்த அலறல் இருக்கிறதே, அது ஹன்னாவின் சொந்தக் குரல். இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. "அப்படித்தான் இருக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

உங்கள் கேள்விக்கு நேரடிப் பதிலாக நான் நினைக்கும் சம்பவம் இதற்குப் பிறகு நடந்தது. தொகுப்பு ஒன்று தானாக ஓடிக்கொண்டே இருந்தது. பழைய படம் ஒன்று முடிந்து இன்னொன்று ஆரம்பித்ததும் அப்பா, "இது வேற செட்டு" என்றார். அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது, டைட்டிலில் யார் பெயர் வந்தாலும் தெரியாது. நான் எழுந்து போய்ப் பார்த்தேன். ஜீன் டைச் என்ற வேறொரு இயக்குநர் எடுத்தது! எம்ஜிஎம் தன் கார்ட்டூன் பிரிவை மூடிய பிறகு, 1961, 62-இல் செக்கோஸ்லோவாக்கியாவின் பிராக் நகரத்தில் குறைந்த செலவில் எடுத்த 13 படங்களில் ஒன்று. அதே பூனை, அதே எலி, அதே துரத்தல். பேத்தியும் கொஞ்ச நேரத்தில் நெளிய ஆரம்பித்துவிட்டாள். 1975-இல் தொலைக்காட்சிக்காக எடுத்ததில் இரண்டையும் நண்பர்களாக்கி, ஜெர்ரி கழுத்தில் போ டையும் கட்டிவிட்டார்கள். அது தாத்தாவுக்கும் ஓடவில்லை, பேத்திக்கும் ஓடவில்லை.

ஆகவே பாத்திரம் எல்லா வயதுக்கும் பிடிக்கிறதா என்று கேட்டால் என் பதில், பாத்திரத்துக்கு அப்படித் தனியாக ஒரு சக்தி கிடையாது என்பதுதான். அந்தப் பூனையை அந்த ஆட்கள் அந்த உழைப்பு போட்டுச் செய்யும்போது பிடிக்கிறது. வேறு ஆள் அவசரத்தில் செய்தால் அதே பூனை சும்மா ஒரு பூனை. இன்னொன்றும் உண்டு. அவை குழந்தைகளுக்கென்று எடுக்கப்பட்டவையே கிடையாது. தியேட்டரில் மெயின் படத்துக்கு முன்னால் ஓட்டுவதற்காக எடுத்த ஏழெட்டு நிமிடப் படங்கள். டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தவர்களில் நிறையப் பேர் பெரியவர்கள், அதுவும் ஆரம்ப வருடங்களில் இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. அவர்களையும் சிரிக்கவைக்கத்தான் உழைத்தார்கள், ஏழு ஆஸ்கர் வாங்கினார்கள். சனிக்கிழமை காலைக் குழந்தைகள் நிகழ்ச்சியாக அமெரிக்கத் தொலைக்காட்சியில் அது மாறியது 1965-இல்தான். நம்மில் பலர் அதைப் பார்த்ததே குழந்தைகள் சேனல் வழியாக என்பதால் நாம் அதைப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று முடிவு கட்டிவிட்டோம்.

கமெண்டில் வந்து "அடிதடி, வன்முறை" என்று சிலர் ஆரம்பிப்பார்கள், தெரியும். என் மகள் அதைப் பார்த்து யாரையும் வாணலியால் அடித்ததில்லை. உங்கள் பிள்ளை அடிக்கும் என்று உங்களுக்குத் தோன்றினால் காட்டாதீர்கள், நான் வற்புறுத்தவில்லை. ஆனால் இன்னொரு குற்றச்சாட்டு நியாயமானது, அதற்கு நான் மல்லுக்கட்ட மாட்டேன். அந்தக் காலப் படங்கள் பலவற்றில் முகம் தெரியாமல் காலும் செருப்பும் மட்டும் தெரியும் ஒரு கறுப்பினப் பணிப்பெண் வருவார், வெடி வெடித்ததும் பூனையின் முகம் கறுத்து அதையே கறுப்பின மக்களைக் கேலி செய்யும் படமாக ஆக்கியிருப்பார்கள். அது அன்றைக்கும் தப்பு, இன்றைக்கும் தப்பு. பணிப்பெண்ணுக்கு லிலியன் ராண்டால்ஃப் என்ற நல்ல நடிகை குரல் கொடுத்தார். பிற்பாடு அந்தக் குரலையே மாற்றி வேறு பதிப்புகள் விட்டார்கள், சில காட்சிகளை வெட்டினார்கள். இந்த மாதிரிக் காட்சி வரும் படங்களை நான் மகளுக்குப் போடுவதில்லை. எல்லாப் படமும் எல்லா வயதுக்கும் என்று நான் சொல்லவே இல்லை, யாரும் அப்படித் திரித்துப் பேச வேண்டாம்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது வேறொன்றில். இப்போது சிலர் இதே பழைய படங்களுக்கு மேல் பின்னணிக் குரல் ஒட்டி விடுகிறார்கள். டாம் ஓடினால் "ஐயோ ஓடுறான் ஓடுறான்" என்று ஒரு குரல், நடுவில் சினிமா வசனம். பெரும்பாலும் பேசாமல் இருப்பதால்தானே எந்த மொழிக்காரரும் பார்க்க முடிந்தது, எழுபது தாண்டிய வயதில் என் அப்பாவும் பார்க்க முடிந்தது? அந்தக் குரலுக்கு அடியில் பிராட்லியின் இசை செத்துக் கிடக்கிறது. ஒருமுறை அதைக் கேட்டுவிட்டு அப்பா ரிமோட்டை எடுத்து அணைத்துவிட்டார், எதுவும் பேசவில்லை.

அவர் பேசாததன் காரணம் எனக்குத் தெரியும், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்கிறேன். வாழ்நாள் முழுக்க அவருக்கும் இதுதானே நடந்தது. கல்யாணத்தில் இவர்கள் உயிரைக் கொடுத்து வாசிக்கும்போது பக்கத்திலேயே ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு போடுவார்கள். மேளத்துக்குப் பேசிய தொகையில் ஐந்நூறு குறைக்க அரைமணி நேரம் பேரம் பேசுவார்கள், அதே ஆட்கள் டிஜேக்கு வாய் திறக்காமல் கொடுப்பார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து வந்தவர்களைக் கடைசிப் பந்திக்கு உட்காரவைப்பார்கள், அதில் பாயசம் தீர்ந்திருக்கும். அவர் பல வருடம் வாசித்த ஒரு கோயிலில் சுவிட்சைப் போட்டால் மணியும் முரசும் தானாக அடிக்கும் மெஷினை வாங்கி மாட்டிவிட்டு, இனிமேல் விசேஷத்துக்கு மட்டும் வந்தால் போதும் என்றார்கள். அந்த மெஷின் எல்லாச் சாமிக்கும் ஒரே அடிதான் அடிக்கிறது. யாரும் அதைத் தப்பென்று நினைக்கவில்லை.

எம்ஜிஎம் 1957-இல் கார்ட்டூன் பிரிவை மூடியதற்கும் காரணம் கிட்டத்தட்ட இப்படித்தான். பழைய படங்களையே திரும்ப வெளியிட்டால் புதிது எடுப்பதற்கு ஈடாகக் காசு வருகிறது, அப்புறம் எதற்குச் சம்பளம் என்று கணக்குப் போட்டுவிட்டார்கள். வேலை அவ்வளவு நன்றாக இருந்ததே வேலை செய்தவர்களுக்கு வினையானது. இதையும் அப்பாவிடம் சொன்னேன். "நல்லா செஞ்சவன அப்படித்தான் அனுப்புவாங்க" என்றார்.

உங்கள் பிள்ளைக்குக் காட்ட நினைத்தால் மிக்கியை விடுங்கள். ஹன்னா, பார்பரா பெயர் போட்ட படங்களில் 1943-லிருந்து 1953-க்குள் வந்தவற்றைத் தேடுங்கள். 'தி கேட் கன்சர்ட்டோ' முதலில், அப்புறம் வியன்னாவில் நடக்கும் 'ஜோஹன் மவுஸ்', அதில் பியானோ சத்தம் கேட்டாலே எலிக்கு ஆடாமல் இருக்க முடியாது, பூனை எலியைப் பிடிப்பதற்கென்றே பியானோ கற்றுக்கொள்ளும். குழந்தைக்கு முன்னால் நீங்கள் ஒருமுறை தனியாகப் பார்த்துவிடுங்கள், மேலே சொன்ன காட்சிகளுக்காக. குரல் ஒட்டாத பதிப்பாக இருக்கட்டும். மொபைலில் காட்டாதீர்கள், அந்தச் சின்ன ஸ்பீக்கரில் பாதி வாத்தியம் கேட்காது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால், கூப்பிட்டால் வரமாட்டார்கள், அவர்கள் உட்கார்ந்திருக்கும் அறையிலேயே போடுங்கள்.