29 வயதில் பிரஷர் மாத்திரை: தொடங்கலாமா, தள்ளிப்போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 29. கல்யாணமாகி ஒரு வருடம் ஆகிறது. மூன்று மாதமாக எப்போது பார்த்தாலும் பிரஷர் 150/96-ஐ ஒட்டியே இருக்கிறது. டாக்டர் டெல்மிசார்டான் 40 மி.கி. எழுதிக் கொடுத்தார். ‘இந்த வயதில் ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாது’ என்று வீட்டில் சொல்வதால் இன்னும் போடவில்லை. என்ன செய்யட்டும்?

பதில்: பிரஷர் மாத்திரைக்கு உடம்பு அடிமையாவதில்லை. நிறுத்தியதும் பிரஷர் ஏறுகிறது என்றால், அது ஏறுவதற்கான காரணம் உள்ளே அப்படியே இருக்கிறது என்றுதான் பொருள். எடையும் உப்பும் குறைந்து அளவு நன்றாக இறங்கியவர்களுக்கு மாத்திரையைக் குறைக்கிறோம், சிலருக்கு நிறுத்தியும் பார்க்கிறோம்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றை நான் கேட்டாக வேண்டும். குழந்தைக்குத் திட்டமிடுகிறீர்களா? டெல்மிசார்டான், லோசார்டான், ராமிப்ரில், எனலாப்ரில் போன்றவை நல்ல மருந்துகள். ஆனால் கர்ப்பத்தில் ஆகாது. குறிப்பாக மூன்று மாதத்துக்குப் பிறகு சிசுவின் சிறுநீரகத்தைப் பாதிக்கும், பனிக்குட நீர் குறைந்துபோகும். லாபெட்டலால், நீண்ட நேரம் வேலை செய்யும் நிஃபெடிபின், மெத்தில்டோபா ஆகியவை கர்ப்பத்தில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருபவை. எனவே மாத்திரையைத் தொடங்கும் முன்பே டாக்டரிடம் இதைச் சொல்லி, எது என்று முடிவு செய்யுங்கள். இதற்காக மருந்தே வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள். கட்டுப்படாத பிரஷரோடு கருத்தரிப்பது தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து.

அடுத்தது, காரணம். நாற்பதுக்குள் பிரஷர் வந்தால் ‘டென்ஷன்தான்’ என்று விட்டுவிடக் கூடாது. சிறுநீரில் புரதம், கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), பொட்டாசியம், தைராய்டு, இசிஜி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பொட்டாசியம் குறைவாக இருந்தால், சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியைச் சந்தேகிப்போம். இளம்பெண்களில் சிலருக்குச் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கியிருக்கும். பலத்த குறட்டையும் ஒரு துப்புதான்; தூக்கத்தில் மூச்சு தடைபடுவதாலும் பிரஷர் ஏறலாம். கருத்தடை மாத்திரை, பீரியட்ஸ் வலிக்கு அடிக்கடி போடும் டைக்ளோஃபெனாக், மூக்கடைப்பு மாத்திரை, ஸ்டீராய்டு எல்லாம் பிரஷரை ஏற்றும். இவற்றில் எது சாப்பிட்டாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இதற்கிடையே, முழங்கைக்கு மேலே கட்டும் கருவியால் வீட்டிலேயே ஒரு வாரம் அளந்து எழுதுங்கள். காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை. பருமனான கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும். முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரி பாருங்கள். 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் உயர் ரத்த அழுத்தம் உறுதி.

உறுதியானால் தள்ளிப்போட வேண்டாம். முப்பதில் தொடங்கும் பிரஷர் இதயத்தையும் சிறுநீரகத்தையும் அழுத்துவதற்கு எத்தனையோ வருடம் கிடைக்கிறது. அறிகுறி இல்லையே என்று பலர் ஏமாந்துபோவது இங்கேதான். மாத்திரை போட்டாலும் உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, சிப்ஸ் எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும்.

டெல்மிசார்டானையே தொடங்கினால் சில வாரங்களுக்குள் கிரியேட்டினினும் பொட்டாசியமும் மறுபடி பார்க்க வேண்டும். மாதவிலக்கு தள்ளிப்போனால் அன்றே பரிசோதித்துப் பாருங்கள். கர்ப்பம் என்று தெரிந்தால் அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே டாக்டரை அழைத்துவிடுங்கள்.