தனியாக வந்த அகதிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தை எங்கிருந்து தொடங்குவது?

பெற்றோர் துணையில்லாமல் வந்த அகதிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தரப் போவதாகவும், எந்தப் புத்தகம் நல்லது என்றும் கேட்டிருக்கிறீர்கள். கோலாலம்பூருக்குத்தான் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே அரசுப் பள்ளிகளில் அகதிப் பிள்ளைகள் சேர முடியாது, வெளியே நடக்கும் கற்றல் மையங்கள்தான் கதி.

'சிங்கப்பூர்க்காரிக்கு அகதிகளைப் பற்றி என்ன தெரியும்' என்று யாராவது கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். 1978 முதல் 1996 வரை சிங்கப்பூரிலேயே, செம்பவாங் ஹாக்கின்ஸ் ரோட்டில் வியட்நாம் அகதிகளுக்கு முகாம் இருந்தது. கடலில் தத்தளித்தவர்களைக் கப்பல்கள் ஏற்றிக்கொண்டு வரும். 90 நாளுக்குள் வேறொரு நாடு அழைத்துக்கொள்ளும் என்ற உறுதி இருந்தால்தான் இறங்கவே விடுவார்கள். பல நேரம், கப்பலில் பறப்பது எந்த நாட்டுக் கொடியோ அந்த நாடே பொறுப்பேற்கும்.

1986இல் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பாடம் எடுத்தேன். நான் ஆசிரியை இல்லை, அலுவலகத்தில் கிளார்க். என் வகுப்பில் 13 வயதுப் பையன் ஒருவன், தனியாகப் படகேற்றி அனுப்பப்பட்டவன். நார்வே கப்பல் ஏற்றி வந்ததால் நார்வேக்குப் போக இருந்தான். யோசித்துப் பாருங்கள், நான் சொல்லித்தந்த ஆங்கிலம் அவன் போகும் ஊரின் மொழிகூட இல்லை.

எதைக் கேட்டாலும் 'யா' என்பான். கெட்டிக்காரன், எல்லாம் புரிகிறது என்று நினைத்தேன். ஒரு ஞாயிறு காதைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்தான். 'ஆர் யூ ஓகே?' என்றேன். 'யா.' நானும் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். மறுவாரம் காதில் சீழ் வடிந்து சட்டைக் காலரெல்லாம் கறை. இன்று நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

முகாமில் இருந்த ஒரு வியட்நாமிய அக்காதான் விளக்கினார். தெற்கு வியட்நாமில் பெரியவர்கள் பேசும்போது பிள்ளைகள் 'யா' சொல்வது மரியாதையாம். 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்பதற்கு மேல் பல நேரம் அதில் பொருள் இருக்காது. கதை கேட்கும்போது நாம் உம் கொட்டுகிறோமே, அது மாதிரி. அதோடு, கேட்க ஆளில்லாத பிள்ளை. 'இல்லை' என்று சொல்லி, கிடைத்த இடமும் போய்விட்டால் என்ற பயமும் அவனுக்கு இருந்திருக்கும்.

அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டேன். வாழைப்பழத்தைக் காட்டி 'திஸ் இஸ் எ ஃபிஷ்' என்பேன். எல்லோரும் 'யா' என்பார்கள். இரண்டு வாரம் இதே கூத்து. கடைசியில் ஒரு சின்னப் பெண் தயங்கித் தயங்கி 'நோ, டீச்சர்' என்றாள், வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகு 'நோ', 'நாட் அண்டர்ஸ்டாண்ட்', 'ஸ்லோ', 'பெய்ன் ஹியர்' இவ்வளவுதான் பாடம். இலக்கணம் தப்பு என்று ஆங்கிலம் படித்தவர்கள் என்மேல் பாய வேண்டாம், தெரிந்தேதான் செய்தேன். அந்தப் பையன் கிளம்புவதற்குள் நாலையும் சத்தமாகச் சொன்னான்.

வீட்டில் பேச்சு வாங்கியது தனிக்கதை. 'நம்ம பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தர ஆளில்லை, வியட்நாம்காரனுக்கு என்ன வந்தது' என்றார் என் நாத்தனார். வார நாளில் இரண்டு நாள் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே தமிழ்ப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தேன், அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. இப்போது என் பேரன் போகும் டியூஷனில் மாதிரிக் கட்டுரையை மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். 'அந்திசாயும் நேரம்' என்று அழகாக எழுதுகிறான், அந்தி என்றால் என்ன என்று கேட்டால் தலையை ஆட்டுகிறான். இதற்கு மாதாமாதம் காசு வேறு! கேட்கப் போனால் பாட்டிக்கு ஒன்றும் தெரியாது என்கிறார்கள்.

சரி, புத்தகம் கேட்டீர்கள். மையத்தில் எது கொடுக்கிறார்களோ அதுவே போதும். முதல் இரண்டு வாரம் அது பைக்குள்ளேயே இருக்கட்டும், நீங்கள் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போங்கள்.